இம்ரான், கபில், போத்தம், ஹாட்லி: நம்ம மேட் பிட்ச்சுக்கு யாரைப் பார்த்துப் பழகுவது?

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பையன் அணிக்கு வருகிறான். பந்து நல்ல வேகத்தில் வருகிறது. ஏழாவதாக இறக்கிவிட்டால் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் அவுட் ஆகிறான். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, பர்கூர் என்று எந்தப் பக்கத்து அணியை எடுத்தாலும் இப்படி ஒருவன் இருப்பான். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். இடுப்பு வலி என்று பவுலிங்கை விட்டிருப்பான். இல்லையென்றால் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் சிக்ஸ் அடிக்க மட்டும் கூப்பிடுகிற ஆளாக நின்றுபோயிருப்பான். நடுவில் அவனுக்கு யாரைக் காட்டினோம், எதைக் காட்டினோம் என்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது.

காட்டுவதற்கு 1980-களைவிட நல்ல காலம் இல்லை. பாகிஸ்தானின் இம்ரான் கான், நம்ம கபில் தேவ், இங்கிலாந்தின் இயன் போத்தம், நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி. நான்கு பேரும் வேகப்பந்து வீசி, பேட்டிங்கும் செய்த ஆல்ரவுண்டர்கள், நான்கு பேரும் ஒரே காலத்தில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடியவர்கள், நான்கு பேரின் வீடியோவும் செல்போனில் கிடைக்கிறது. வெஸ்ட் இண்டீஸின் சோபர்ஸை ஏன் விட்டீர்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். மூன்று விதமாகப் பந்து வீசிக்கொண்டே 57.78 சராசரியில் ரன் குவித்தவரைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. கும்பிட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

நமக்கு இந்த நால்வரும் தூரத்து ஆட்களும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடுகிற பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில்தான் 1987 மார்ச்சில் இம்ரானின் பாகிஸ்தான் 16 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வென்று தொடரைக் கொண்டுபோனது. கவாஸ்கர் 96 அடித்தும் மிஞ்சவில்லை. அதே மைதானத்தில் 1988 நவம்பரில் அருண் லாலை வெளியேற்றி 374-வது விக்கெட்டை எடுத்த ஹாட்லி, போத்தமின் உலக சாதனையை முறியடித்தார். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கபிலுக்குச் சேப்பாக்கம் சொந்த வீடு மாதிரி. 1980-ல் பாகிஸ்தானுக்கு எதிராக 84 ரன்னும் 11 விக்கெட்டும், 1986-ல் டையில் முடிந்த டெஸ்ட்டில் 119, 1988-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 109.

கணக்கு என்ன சொல்கிறது

| | டெஸ்ட் | ரன் | பேட்டிங் சராசரி | சதம் | விக்கெட் | பவுலிங் சராசரி | ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் | கேட்ச் |
|---|---|---|---|---|---|---|---|---|
| இம்ரான் | 88 | 3807 | 37.69 | 6 | 362 | 22.81 | 23 | 28 |
| போத்தம் | 102 | 5200 | 33.54 | 14 | 383 | 28.40 | 27 | 120 |
| கபில் | 131 | 5248 | 31.05 | 8 | 434 | 29.64 | 23 | 64 |
| ஹாட்லி | 86 | 3124 | 27.16 | 2 | 431 | 22.29 | 36 | 39 |

டீக்கடை வாதத்தில் முதலில் வருவது ஒரு கழித்தல் கணக்கு: பேட்டிங் சராசரியிலிருந்து பவுலிங் சராசரியைக் கழி. இம்ரானுக்கு 14.88. போத்தமுக்கு 5.14, ஹாட்லிக்கு 4.87, கபிலுக்கு 1.41. இதோடு வழக்கை முடித்துவிடுவார்கள். முடியாது. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் பெயர் நாட் அவுட். பேட்டிங் சராசரி என்பது ரன்னை அவுட் ஆன தடவையால் வகுப்பது; அவுட் ஆகாமல் திரும்பினால் சராசரி ஏறும்.

இம்ரான் 126 இன்னிங்ஸில் 25 முறை அவுட் ஆகாமல் திரும்பினார். போத்தம் 161 இன்னிங்ஸில் வெறும் 6 முறை. சராசரியை விட்டுவிட்டு, களமிறங்கிய ஒவ்வொரு முறையும் எத்தனை ரன் கிடைத்தது என்று பாருங்கள்: போத்தம் 32.3, இம்ரான் 30.2, கபில் 28.5, ஹாட்லி 23.3. இப்போது போத்தம் மேலே வந்துவிடுகிறார். கபிலுக்கும் இம்ரானுக்கும் இடையே ஆறரை ரன்னாகத் தெரிந்த தூரம் இரண்டு ரன்னுக்குள் சுருங்கிவிடுகிறது. ஏழாவது இடத்தில் நின்று, கடைசி ஆட்டக்காரர்களோடு பொறுமையாக ஆடி, அவுட் ஆகாமல் வருவதும் ஒரு திறமைதான். அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை அல்ல.

பந்துவீச்சில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு டெஸ்ட்டுக்கு ஹாட்லி 5 விக்கெட், இம்ரான் 4.1, போத்தம் 3.75, கபில் 3.3. ஒரு விக்கெட்டுக்கு ஹாட்லி 51 பந்து எடுத்துக்கொண்டார், இம்ரான் 54, போத்தம் 57, கபில் 64. கபிலுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இந்திய ஆடுகளங்களைக் காரணம் சொல்வார்கள். அதில் பாதிதான் நியாயம். அவருடைய விக்கெட்டில் சரிபாதி உள்நாட்டில் வந்ததுதான், அதுவும் வெளிநாட்டைவிடக் குறைந்த சராசரியில். உண்மையான காரணம் வேறு: எதிர்முனையில் அழுத்தம் கொடுக்க இன்னொரு நிஜ வேகம் பல வருடங்களுக்கு இல்லை. ஸ்பின்னர்கள் வரும்வரை பளபளப்பைத் தேய்க்கிற வேலையையும் அவரே செய்தார், விக்கெட் எடுக்கிற வேலையையும் அவரே செய்தார்.

வெஸ்ட் இண்டீஸ் என்ற உரைகல்

அந்தக் காலத்து ஆட்டக்காரர் யாரை எடைபோட வேண்டுமானாலும் வெஸ்ட் இண்டீஸிடம் என்ன செய்தார் என்று பார்த்தால் போதும். இங்கேதான் வரிசை கலைகிறது.

போத்தம் 20 டெஸ்ட்டில் ஒரு சதம்கூட இல்லை. பேட்டிங் சராசரி 21.40, விக்கெட் 61, ஒவ்வொன்றும் 35 ரன்னுக்கு மேல். இது தற்செயல் இல்லை. அவருடைய ஆட்டம் எதிராளியை மிரட்டுவதில் நின்றது. எதிரே நிற்பவர் மிரளவில்லை என்றால் மாற்றுத் திட்டம் அவரிடம் இல்லை.

கபில் 25 டெஸ்ட்டில் 89 விக்கெட், சராசரி 24.89. அவருடைய மொத்தச் சராசரியைவிட ஏறக்குறைய ஐந்து ரன் குறைவு. கூடவே மூன்று சதம்: 1979-ல் டெல்லியில் 126, 1983-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 100, பிறகு அந்தச் சேப்பாக்கம் 109. 1983 நவம்பரில் அகமதாபாத்தில் ஒரே இன்னிங்ஸில் 83 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார், இந்தியா தோற்றுப்போனது. கபிலின் டெஸ்ட் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு ஆட்டத்துக்குள் அடக்கிவிடலாம்.

இம்ரான் 18 டெஸ்ட்டில் 80 விக்கெட், சராசரி 21.18. ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்து, 1988-ல் ஜார்ஜ்டவுனில் 11 விக்கெட் எடுத்து வென்றார். ஹாட்லிக்குப் பத்தே டெஸ்ட், 51 விக்கெட், 22 சராசரி. 1980-ல் டனீடனில் 11 விக்கெட் எடுத்து ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது, அடுத்த ஆட்டத்திலேயே கிரைஸ்ட்சர்ச்சில் தன் முதல் டெஸ்ட் சதத்தையும் அவர்களிடமே அடித்தது, எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

ஆக, கடினமான எதிரியிடம் கபிலும் இம்ரானும் ஹாட்லியும் தேறுகிறார்கள், போத்தம் தேறவில்லை. போத்தமை வேறு ஒரு காரணத்துக்காகத்தான் எடுக்க வேண்டும். அது பின்னால் வரும்.

நம்ம தரை, நம்ம மேட்

இனி முக்கியமான விஷயம். மேலே சொன்னதெல்லாம் புல்தரை ஆடுகளத்துக் கணக்கு. நம் பையன் ஆடுவது செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானத்தில், கெட்டித் தரைமேல் இழுத்து ஆணி அடித்த விரிப்பில், அதாவது மேட்டில். அதனால் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

ஒன்று, பந்து எழும்பும். புல்தரையில் நல்ல லெங்த் என்று சொல்கிற இடத்தில் போட்டால் மேட்டில் இடுப்புக்கு மேலே போய்விடும். இரண்டு, மூன்று அடி முன்னால், மட்டைக்கு நெருக்கமாகப் போட வேண்டும்.

இரண்டு, பந்து சீக்கிரம் கெடும். எட்டு, பத்து ஓவரில் லெதர் பந்தின் இரண்டு பக்கமும் சரளையில் உரசி ஒரே மாதிரி சொரசொரப்பாகிவிடும். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு என்றால்தான் பழைய பந்து ரிவர்ஸ் ஆகும், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப் பக்கம் காற்றில் வளையும். அதோடு பந்துக்கு நல்ல வேகமும் வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வீசுகிற பையனுக்கு ரிவர்ஸ் ஸ்விங் சொல்லிக்கொடுப்பது வீண் வேலை. கார்க் பந்தாக இருந்தால் பேச்சே வேண்டாம். தையல் பெயருக்குத்தான் இருக்கும், காற்றில் திரும்பாது.

மூன்று, முன்கால் விழும் இடம். மேட் ஸ்டம்புக்கு ஸ்டம்பு மட்டும் வந்து நின்றால், பவுலர் ஓடி வருவது மண்ணில், தாவி இறங்குவது மேட்டின் விளிம்பில். விளிம்பு சுருண்டு நின்றால் கணுக்கால் மடங்கும். ஆணி ஷூ மேட்டில் மாட்டி முழங்காலை இழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூதான் சரி. பந்து வீசும் காலில் விழுகிற சுமை உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போகும். அதைத் தாங்கப் புல்தரையில் இருக்கிற கொஞ்சநஞ்ச மென்மையும் இங்கே கிடையாது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நால்வரையும் மறுபடி பாருங்கள்.

இம்ரான்: பார்க்க அழகு, காப்பியடிக்க ஆபத்து

பையன்கள் தாங்களாகவே காப்பியடிப்பது இம்ரானைத்தான். நீண்ட ஓட்டம், கடைசியில் ஒரு தாவல், காற்றில் ஒரு நொடி நிற்பது போன்ற தோற்றம். 1982-83 தொடரில் இந்தியாவுக்கு எதிராக ஆறு டெஸ்ட்டில் 40 விக்கெட்டை 13.95 சராசரியில் எடுத்தார். கராச்சியில் ஒரே இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 8. ஃபைசலாபாத்தில் 117 ரன்னும் 11 விக்கெட்டும். ஒரு வேகப்பந்து ஆல்ரவுண்டரின் உச்சம் எது என்று கேட்டால் இந்தத் தொடரைக் காட்டலாம்.

அதற்கான பில்லும் உடனே வந்தது. கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு. 1983 உலகக் கோப்பையில் அவர் ஒரு பந்துகூட வீசாமல் பேட்ஸ்மேனாக மட்டும் ஆடினார். இரண்டு வருடத்துக்குப் பந்துவீச்சு கிட்டத்தட்ட நின்றே போனது. சிறந்த மருத்துவமும் ஓய்வெடுக்க வசதியும் இருந்த உடம்புக்கே அந்தக் கதி. கெட்டித் தரையில், மேட் விளிம்பில் தாவி இறங்குகிற பதினாறு வயதுக் காலுக்கு யார் உத்தரவாதம்? அதோடு அவருடைய பெரிய ஆயுதம் பழைய பந்தின் ரிவர்ஸ் ஸ்விங். அது நம் மைதானத்தில் ஏன் எடுபடாது என்று மேலே சொல்லியாகிவிட்டது.

ஆனால் இம்ரானின் பேட்டிங்கை விட்டுவிடக் கூடாது. கேப்டனாக ஆடிய 48 டெஸ்ட்டில் அவருடைய பேட்டிங் சராசரி 52.34. தொடக்கத்தில் அவர் அப்படிப்பட்ட பேட்ஸ்மேனே இல்லை. முப்பதைத் தாண்டியபிறகு வேகம் குறையக் குறைய, பேட்டை நேராக வைத்து, முதல் முப்பது பந்தைத் தடுத்து ஆடக் கற்று மேலே வந்தவர். 1987-ல் சேப்பாக்கத்தில் 135 நாட் அவுட் அடித்தபோது அவருக்கு வயது 34. 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மூன்றாவதாக இறங்கி 72. அடிக்கத் தெரிந்த பையனுக்கு நிற்கவும் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போத்தம்: ஒரு வருடத்துக்கு

21 டெஸ்ட்டில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும். 1980 பம்பாய் டெஸ்ட்டில் 114 ரன், 13 விக்கெட். 1981 ஹெடிங்லியில் ஃபாலோ ஆன் வாங்கி (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட்டிங் செய்ய வேண்டிவந்து) 7 விக்கெட்டுக்கு 135 என்று நின்ற இடத்திலிருந்து 149 நாட் அவுட்; அதற்கு அடுத்த ஆட்டம் எட்ஜ்பாஸ்டனில் 28 பந்தில் ஒரே ஒரு ரன் கொடுத்து 5 விக்கெட். ஒரே டெஸ்ட்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் ஐந்து முறை எடுத்தவர். ஒரு சீசன் மட்டும் ஆடுகிற அணிக்கு ஆள் எடுப்பதென்றால் 1978 முதல் 1982 வரைக்குமான போத்தமுக்கு மேலே யாரையும் வைக்க முடியாது.

பிறகு உடம்பு கனத்தது, வேகம் போனது, 1988-ல் முதுகில் அறுவை சிகிச்சை. கேப்டனாக 12 டெஸ்ட்டில் ஒரு வெற்றிகூட இல்லை. திறமையில் குறையில்லை, பராமரிப்பில் குறை. நம் ஊரில் இந்த வகைப் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. மாம்பழ சீசனில் நாலு கப் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, ஆடி பதினெட்டுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்லிப்பில் நிற்பவர்கள்.

ஸ்லிப், அதாவது கீப்பருக்குப் பக்கத்தில் கேட்ச் பிடிக்க நிற்கிற இடம், என்றதும் ஒன்று. 120 கேட்ச் சும்மா வரவில்லை. மற்ற ஸ்லிப் ஆட்டக்காரர்களைவிட ஓரிரு அடி முன்னால், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு போத்தம் நிற்பார். மற்றவருக்கு முன்னால் விழுந்துவிடுகிற பந்து அவருக்குக் கைக்கு வரும். மேட்டில் எட்ஜ் எடுத்த பந்து நன்றாகப் பறக்கும் என்பதால் இங்கே அவ்வளவு முன்னால் வர வேண்டியதில்லை. ஆனால் நம் ஆட்கள் பந்துக்குப் பயந்து கீப்பருக்கும் பின்னால் போய் நிற்கிற வழக்கத்தை ஒழிக்க அந்த வீடியோவை ஒருமுறை போட்டுக் காட்டலாம்.

கபில்: எல்லா ஞாயிற்றுக்கிழமையும்

131 டெஸ்ட். காயத்தால் ஒரு டெஸ்ட்டைக்கூடத் தவறவிட்டதில்லை; ஆடாத ஒரே டெஸ்ட் 1984-ல் கல்கத்தாவில், அதுவும் தேர்வாளர்கள் உட்கார வைத்ததால். 184 இன்னிங்ஸில் ஒருமுறைகூட ரன் அவுட் ஆனதில்லை. இந்த இரண்டாவது எண்ணைப் பையன்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். எட்டுப் பேருக்குள் மூன்று ரன் அவுட் ஆகிற அணிகளில் வளர்கிறவர்கள் அவர்கள்.

கபிலின் பந்துவீச்சு பக்கவாட்டு வகை. தாவும்போது இடது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்கும், முதுகு கொஞ்சம் வளையும், பந்து தானாகவே அவுட்ஸ்விங் ஆகும், அதாவது பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளையும். இடுப்பும் தோளும் ஒரே கோட்டில் இருப்பதால்தான் அந்த உடம்பு பதினாறு வருடம் தாங்கியது. 1981 மெல்போர்னில் தசை இழுத்துக்கொண்ட காலோடு வந்து 28 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து, 143 தேவைப்பட்ட ஆஸ்திரேலியாவை 83-ல் மடக்கியதில் பெரும்பங்கு அந்த ஆக்‌ஷனுக்கு உண்டு.

பேட்டிங்கில் எல்லோரும் 175-ஐச் சொல்வார்கள். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக 4 விக்கெட்டுக்கு 9 என்ற நிலையில் தொடங்கியது. அதில் கவனிக்க வேண்டியது ஆறு சிக்ஸரை அல்ல. முதல் பாதியில் ஒன்றும் இரண்டுமாக ஓடி, விக்கெட் கீப்பர் கிர்மானி வந்து ஒட்டிக்கொண்டபிறகுதான் கதவைத் திறந்தார். பிரியாத ஒன்பதாவது விக்கெட்டுக்கு 126, அதில் கிர்மானியுடையது 24. 1990 லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஹெம்மிங்ஸை நான்கு பந்தில் நான்கு சிக்ஸர் அடித்ததும் வீராப்பு இல்லை, கூட்டல் கணக்கு: ஃபாலோ ஆன் தவிர்க்க 24 ரன் வேண்டும், மறுமுனையில் கடைசி ஆள் ஹிர்வானி. அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி அவுட்.

நாம் ஆடுவது 20, 25, 30 ஓவர் ஆட்டம் என்பதால் ஒருநாள் போட்டிக் கணக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கபில் 3783 ரன், நூறு பந்துக்கு 95 ரன் என்ற வேகத்தில்; அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத வேகம். விக்கெட் 253, ஓவருக்கு 3.71. ஓவருக்குக் கொடுத்த ரன்னில் ஹாட்லி மட்டும் அவருக்குக் கீழே: 3.30. இம்ரான் 3.89, போத்தம் 3.96.

ஹாட்லி: யாரும் பெயர் சொல்லாதவர்

நம் பக்கத்து வாதங்களில் ஹாட்லி பெயர் நாலாவதாகத்தான் வரும். நியூசிலாந்துக்காரர், சத்தம் போடாதவர், சதம் இரண்டே இரண்டு. ஆனால் மேட்டில் பந்து வீசப்போகிற ஒருவனுக்கு இந்த நால்வரில் ஒருவரைத்தான் காட்ட முடியும் என்றால் அவர்தான்.

முதல் காரணம், ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார். இருபதுகளின் இறுதியில் நீண்ட ரன்-அப்பை வெட்டிச் சுருக்கியபோது வேகப்பந்து வீச்சாளனின் மானம் போனதாகவே பலர் பேசினார்கள். அதற்குப்பிறகுதான் அவருடைய பெரிய சாதனைகள் எல்லாம் வந்தன. 1984-ல் நாட்டிங்ஹாம்ஷயருக்காக ஒரே சீசனில் 1179 ரன்னும் 117 விக்கெட்டும். 1985 பிரிஸ்பேனில் 52 ரன்னுக்கு 9 விக்கெட், பத்தாவதற்குக் கேட்ச் பிடித்ததும் அவரே. ஆட்டத்தில் மொத்தம் 15. 1988 பம்பாயில் ஸ்பின்னுக்கென்று இருந்த தரையில் 10 விக்கெட். 39 வயதில், டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்திலும் ஒரு விக்கெட். ஒரு டெஸ்ட்டுக்குச் சராசரியாக 42 ஓவர் வீசினார். கபில், போத்தம் இருவரும் 35 சொச்சம். அதிகமாக வீசியவர்தான் குறைவாக ஓடினார்.

இரண்டாவது காரணம், ஸ்டம்புக்கு ஒட்டி வந்து, கையை உயரத் தூக்கி, தையலை நிமிர்த்திப் போட்டார். மேட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஸ்விங் போனபிறகும் தையல் மேட்டில் கடிக்கும். உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். எந்தப் பக்கம் போகும் என்று வீசியவனுக்கே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேட்ஸ்மேனுக்கும் தெரியாது.

பழக்குவது இப்படி. ரன்-அப் 12 முதல் 15 அடிவைப்பு. அதற்குமேல் போகவே கூடாது. ஆரம்பிக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரண்டு பக்கமும், கட்டைவிரல் அடியில் தையல்மேல், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. உள்ளங்கையில் புதைத்துப் பிடித்தால் தையல் தள்ளாடும்; மோதிர விரல் பக்கத்தில் அழுத்தினாலும் தள்ளாடும். தையல் சரியாகப் போகிறதா என்று பார்க்கப் பழைய பந்தில் தையலை ஒட்டி ஒரு பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். தள்ளாடினால் பந்து முழுக்க வெள்ளையாகத் தெரியும். ஆஃப் ஸ்டம்புக்கு நேராக, ஸ்டம்பிலிருந்து ஐந்தரை மீட்டரில் ஒரு துண்டை மடித்து விரியுங்கள். 24 பந்து. எத்தனை துண்டில் விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். முதல் வாரம் நாலு, ஐந்து விழும். 10 தாண்டும்வரை பவுன்சர், ஸ்லோ பால், யார்க்கர் எதையும் தொடக் கூடாது.

பெரும்பாலும் தப்பு நடப்பது ஓட்டத்தைக் குறைக்கும்போதுதான். இழந்த வேகத்தைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். தலை இடப்பக்கம் சாயும், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகும். கடைசி நாலு அடியில் வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்தால் காரணம் புரியும். அங்கே குறைந்தால் ஓட்டம் இன்னும் நீளம் என்று அர்த்தம். இரண்டு அடி வெட்டுங்கள்.

ஹாட்லி இடதுகை பேட்ஸ்மேன் என்பதால் நம் பையன் அவர் பேட்டிங்கைக் காப்பியடிப்பது கொஞ்சம் சிரமம். இழப்பும் பெரிதில்லை, அங்கேதான் இம்ரானும் கபிலும் இருக்கிறார்களே.

யாருக்கு யார்

உங்கள் அணியில் பேட்டிங் ஆறு பேரோடு தீர்ந்துபோகிறது, பவுலிங் தேவலாம் என்றால் பையனைக் கபில் பாதையில் விடுங்கள்: ஆறாவது இடம், பத்துப் பந்து ஒன்றும் இரண்டும், பிறகு நேரான அடி. பேட்டிங் இருந்தும் எதிரணியை ஆல் அவுட் ஆக்க முடியாமல் தவிக்கிற அணி என்றால் ஹாட்லி பாதை. அவன் எட்டாவதாக இறங்கினாலும் நஷ்டமில்லை. பையனுக்கு இருபது தாண்டி வேகம் குறைய ஆரம்பித்துவிட்டதென்றால் இம்ரானின் இரண்டாம் பாதி. ஓசூர் பக்கத்துக் கம்பெனி அணிகள் மாதிரி ஒரே ஒரு டோர்னமென்ட்டுக்கு ஆள் பிடிப்பவர்களுக்கு மட்டும் போத்தம் வகை லாபம்; இரண்டாவது வருட உடம்பைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

எந்தப் பாதையானாலும் ஆக்‌ஷனை முதல் வாரமே படம் பிடித்துவிடுங்கள். பவுலருக்கு நேர் பின்னால் செல்போனை வைத்து, ஸ்லோ மோஷனில், பின்கால் ஊன்றுகிற கணத்தில் நிறுத்துங்கள். பாதமும் இடுப்பும் ஒரு பக்கம் பார்த்து, தோள் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அது கலப்பு ஆக்‌ஷன். ஊன்றியபிறகு தோள் 30 டிகிரிக்கு மேல் பின்னோக்கித் திரும்பினால் கீழ் முதுகெலும்பில் விரிசல் வருவதற்கான வழி அது. பாதத்தைத் தோளுக்கு ஏற்ப மாற்றினால் போதும், தோளைப் பாதத்துக்கு ஏற்ப மாற்றப் போனால் இரண்டும் கெடும்.

பதினாறு வயதுக்குள் ஒரு ஸ்பெல், அதாவது ஒரே மூச்சில் வீசுவது, ஐந்து ஓவர், அதற்குமேல் வேண்டாம். ஒரு நாளில் காலை ஓர் ஆட்டம், மதியம் ஓர் ஆட்டம் என்று டோர்னமென்ட் வைத்திருந்தால், பையன் ஏதாவது ஒன்றில்தான் பந்து வீச வேண்டும். எதில் என்பதை டாஸுக்கு முன்பே கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டம் இறுகியபிறகு சொன்னால் எந்தக் கேப்டனும் கேட்கமாட்டார்.